வினை, இல்லறம், விண்கலம்

உழைப்பு மனிதனை உயர்த்தும் என்பதில் இந்தியச் சமயங்களுக்குள் சண்டை இல்லை. எதுவரை உயர்த்தும் என்பதில்தான் வழக்கு. சங்கரரின் அத்வைத மரபில் செயல் மனத்தின் அழுக்கைக் கழுவும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. முத்திக்குக் காரணம் ஞானம், ஞானத்துக்கு உரிய நிலை துறவு. பாலகங்காதர திலகர் மண்டலே சிறையில் எழுதி, 1915இல் வெளிவந்த ‘கீதா ரகசியம்’ இதை நேருக்கு நேர் மறுத்தது. கீதை கற்பிப்பது துறவை அல்ல, செயலை என்றது. 12ஆம் நூற்றாண்டுக் கன்னட வசனக்காரர்கள் அதற்கும் முன்பே ‘காயகம்’ எனும் உழைப்பைக் கயிலைக்குச் சமமாக வைத்திருந்தார்கள். திருக்குறளோ இல்லறத்தையும் துறவறத்தையும் அறத்துப்பாலில் அடுத்தடுத்து வைக்கிறது. இல்வாழ்க்கையை அறத்தோடு நடத்துகிறவன் வேறு வழியில் போய்ப் பெறப்போவது என்ன என்றும் கேட்கிறது.

இந்த வழக்கின் நடுவே நிற்பவன் குடும்பஸ்தனான உழைப்பாளி. ஒரு தொழிலில் மூளையும் உடம்பும் தேய உழைக்கிறான். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர். அவனுக்கு அந்த உழைப்பே சமய வாழ்வாக அமையுமா? அல்லது தொழிலுக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டுக்கும் அரைகுறையாகிப் போவானா? விண்கலத்துக்கும் ஏவுகலத்துக்கும் கணினி நிரல் எழுதும் பொறியாளர் இக்கேள்விக்கு நல்ல உரைகல். அவருடைய வேலை கண்ணுக்குத் தெரியாது. பல ஆயிரம் பேர் செய்த பொருளுக்குள் அது ஒளிந்திருக்கும். அதில் ஒரு வரி தவறினால் மற்ற எல்லாருடைய உழைப்பும் கடலில் விழும். கலம் கிளம்பிய பிறகு ஓடிப்போய்த் திருத்தவும் வழியில்லை. வீட்டுக்குரிய நேரத்தை இவ்வளவு தயங்காமல் தின்னும் தொழில்கள் குறைவு.

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியில் ஒரு காலத்தில் இக்கேள்வி இந்த வடிவில் எழுந்திருக்க முடியாது. அங்கே தறி வீட்டுக்குள் இருந்தது. ஆரணியிலும் சுற்றியுள்ள சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டது; மீதி இடத்தில் குடும்பம் சமைத்தது, உண்டது, உறங்கியது. நெய்பவர் குழிக்குள் காலை இறக்கி மிதியில் வைத்து உட்கார்ந்தால், மனைவி பக்கத்திலேயே ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பார். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போது பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணும் விரல்நுனியும் மட்டுமே கருவி. ஓர் இழை தப்பினால் அந்தத் தப்பு புடவையின் முழு நீளத்துக்கும் கோடாக ஓடும். இங்கே வேலை எங்கே முடிகிறது, குடும்பம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

இந்த ஒற்றுமையை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. கோர்வைப் புடவை என்றால் கரைப்பக்கத்து நாடாவை வாங்கிப் போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையின் கையாக இருந்தது. வேலையும் வீடும் ஒன்றாக இருந்ததன் விலையைச் சிறுவர்கள் கொடுத்தார்கள். ஆனாலும் தொழில் செய்கிறவன் குடும்பத்தை விட்டு விலக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த அமைப்பில் இடமே இல்லை. வட்டாரத்துத் தலக்கதைகளும் அப்படியே அமைந்திருக்கின்றன. தசரதன் பிள்ளை வேண்டி வேள்வி செய்த இடம் என்று சொல்லப்படுவது கமண்டல நாகநதிக் கரையிலுள்ள புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில். அருகிலுள்ள படவேட்டில் வழிபடப்படும் ரேணுகாம்பாள், ஜமதக்னி முனிவரின் மனைவி. அந்த முனிவர் பிள்ளைகளைப் பெற்ற குடும்பஸ்தர்.

நெசவாளி அடியாராகும் கதைகளும் இந்தியா முழுவதும் உண்டு. காசியில் கபீர், கன்னட நாட்டில் தாசிமய்யர், பெரியபுராணத்தில் நேச நாயனார். நேசர் கம்பிலியில் வாழ்ந்த சாலியர். உடையும் கீளும் கோவணமும் நெய்து சிவனடியார்க்குக் கொடுத்தார். அவர் தறியை விட்டு எழுந்து போய்ப் பக்தி செய்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. நெய்ததே தொண்டு.

ஜக்கார்டு பெட்டி இந்தக் கதையைக் கணினியோடு சேர்க்கிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் நிறைவு செய்த அமைப்பில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று முடிவு செய்தன. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இல்லையென்றால் நிற்கும். ஆரணித் தறிகளின் தலைக்குமேல் கோர்த்துத் தொங்கும் டிசைன் அட்டைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. சார்லஸ் பாபேஜ் தன் பகுப்புப் பொறிக்கு இந்த அட்டை முறையை எடுத்துக்கொண்டார். 1969இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தின் வழிகாட்டும் கணினிக்கு நிரல் நேரடியாகவே நெய்யப்பட்டது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ரேதியான் ஆலையில் பெண்கள் செம்புக் கம்பியைச் சிறு காந்த வளையங்களுக்கிடையே ஊசியால் கோர்த்தார்கள். வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. இப்படி 36,864 சொற்கள். நெய்து முடித்த பிறகு நிரலில் ஒரு தப்பு தெரிந்தால் மறுபடி கோர்க்கத்தான் வேண்டும். வேலையின் தன்மை தறியில் இருந்த அதே தன்மை: பொறுமை, வரிசை, ஓர் இழையும் தப்பாமை. மாறியது ஒன்றே ஒன்று. தறி வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. ஆரணியை அடுத்த தச்சூரில் இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வெளியூர் வேலைக்குப் போகிறவர், தன் தாத்தா வேலையிலிருந்து எழாமலே குழந்தையைப் பார்த்துக்கொண்ட வசதியை இழந்துதான் போகிறார்.

தமிழ்நாட்டில் இத்தகைய வாழ்வுக்குப் பொதுவெளியில் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு கே. சிவன். கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளையில் 1957இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் படிப்பு. பொறியியல் படிக்க ஆசைப்பட்டவரை, செலவுக்கு அஞ்சிய தந்தை நாகர்கோவிலில் கணிதப் பட்டப்படிப்பில் சேர்த்தார். மகன் பட்டினி கிடந்தும் தந்தை மசியவில்லை. பட்டம் வாங்கிய பிறகு, ஒருமுறை தடுத்தேன், இனித் தடுக்கமாட்டேன் என்று நிலத்தை விற்றாவது படிக்கவைக்க முன்வந்தார் என்று சிவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1980இல் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல், 1982இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டம், அதே ஆண்டு இஸ்ரோ. 2018 ஜனவரியிலிருந்து 2022 ஜனவரிவரை அதன் தலைவர்.

பதவியைவிட இங்கே முக்கியமானது அவர் செய்த கணினி வேலை. ஏவுகலம் போகும் பாதையைக் கணக்கிடும் ‘சித்தாரா’ என்ற மென்பொருளின் முதன்மை வடிவமைப்பாளர் அவர். ஏவும் நாளின் காற்றுக்கு ஏற்பப் பாதையைத் திருத்தும் முறையையும் வகுத்தார். தரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று கடுமையாக வீசும். ஏவுகலத்தின் மீது அழுத்தம் மிகுதியாக இருப்பதும் ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான். 44 மீட்டர் உயரமும் 320 டன் எடையும் கொண்ட பி.எஸ்.எல்.வி. அங்கே காற்றைப் பக்கவாட்டில் வாங்கினால் உடலே முறியலாம். ஆகவே ஏவுவதற்கு முன் பலூன்களை அனுப்பிக் காற்றை அளக்கிறார்கள். அன்றைய காற்றில் கலத்தின் மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் சுமை குறையுமோ அப்படிச் சாய்த்துத் திருப்பும் நிரலைக் கணக்கிட்டுக் கலத்தின் கணினியில் ஏற்றுகிறார்கள். காற்றோடு மல்லுக்கட்டுவது இதன் வழி அல்ல. காற்று எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்குள் போகும் பாதையைக் கண்டுபிடிப்பதே இதன் வழி.

ஊழுக்கும் முயற்சிக்கும் உள்ள பழைய பிணக்கை இது நன்றாக விளக்குகிறது. குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்று முடிகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்று முடிகிறது. உரையாசிரியர்களை இந்த முரண் நெடுங்காலம் வேலைவாங்கியிருக்கிறது. ஏவும் நாளின் காற்று முதல் அதிகாரத்துக்கு உரியது. எந்தப் பொறியாளராலும் அதை மாற்ற முடியாது. பாதையைத் திருத்தும் நிரல் இரண்டாவதற்கு உரியது. காற்றை அளக்காமல் நம்பிக்கையோடு ஏவுபவரும், காற்றுக்குப் பயந்து ஏவாமலே இருப்பவரும் இரண்டு அதிகாரங்களில் ஒன்றை மட்டும் படித்தவர்கள்.

பலனில் பற்றில்லாமல் செயல் செய் என்ற கீதையின் போதனையோ பொறியாளரிடம் வந்தால் சங்கடப்படுகிறது. பலனைப் பற்றிக் கவலைப்படாத பொறியாளர் ஆபத்தானவர். 1993 செப்டம்பர் 20ஆம் தேதி பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றது. காரணங்களுள் ஒன்று, கட்டுப்பாட்டு நிரலில் இருந்த ஒரு பிழை. அதை எழுதியவரோ சரிபார்த்தவரோ ‘பலன் என் கையில் இல்லை’ என்று சொல்லியிருந்தால் அதை வேதாந்தம் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். பொறுப்பின்மை என்றே சொல்வார்கள். இங்கே இரண்டு பொருள்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. விளைவில் அக்கறை ஒன்று. விளைவினால் வரும் பெயரிலும் புகழிலும் பற்று வேறொன்று. முதலாவது தொழிலின் ஒழுக்கம். இரண்டாவதைத்தான் விடச் சொல்கிறார்கள். ஏவுதளத்தின் நடைமுறை இந்தப் பிரிவினையைக் கட்டாயமாகவே கற்றுத்தருகிறது. கடைசி நிமிடங்களில் ஏவும் பொறுப்பைக் கணினி எடுத்துக்கொள்கிறது. அதுவரை செய்த சரிபார்ப்புகள்தான் மனிதனின் வினை. அதன்பின் அவர் பார்வையாளர். தான் எழுதிய நிரலின் நடத்தையை மற்றவர்களைப் போலவே திரையில் பார்ப்பவர்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. சிவன் அழுததையும் பிரதமர் அவரை அணைத்துக்கொண்டதையும் நாடே பார்த்தது. பற்றற்ற செயல்வீரர் அழலாமா என்று கேட்பவர்கள் பெரியபுராணத்தைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்து ஏகாலியர் திருக்குறிப்புத்தொண்டர், குளிரில் நடுங்கிய ஓர் அடியாரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுத்தார். மழை விடவில்லை. வாக்குத் தப்பியது தாங்காமல் துவைக்கும் கல்லில் தலையை மோதினார். ஈசன் கை வந்து தடுத்தது. மழைக்கு அவர் பொறுப்பல்ல. ஆனாலும் சேக்கிழார் அவருடைய துயரத்தைப் பற்று என்று குறைசொல்லவில்லை. தொழிலைத் தொண்டாகக் கொண்டவனுக்குத் தோல்வி வலிக்கத்தான் செய்யும்.

வலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. விக்ரமின் இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிக உந்துவிசை தந்தன; பிழைகள் சேர்ந்துகொண்டே போயின; கலம் வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் நிரல் விதித்திருந்த வரம்பு அதைத் தடுத்தது; இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். பின்னர் தலைவரான எஸ். சோமநாத் இதை வெளிப்படையாக விளக்கினார். அடுத்த கலத்தை, எது எது கெட்டாலும் இறங்க வேண்டும் என்ற நோக்கில் தோல்விகளை முன்வைத்தே வடிவமைத்தார்கள். இறங்குமிடம் ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிந்தது. விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. ‘நான் செய்தது சரியாகத்தான் இருக்கும்’ என்ற எண்ணத்தைக் கைவிட்டதுதான் அந்த வடிவமைப்பின் அடிப்படை. அகங்காரத்தை விடுவது என்று சமயநூல்கள் சொல்வதற்கு இவ்வளவு தொழில்நுட்பமான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது கடினம்.

வழிபாட்டைப் பற்றிய சச்சரவு தனி. ஏவுவதற்கு முன் இஸ்ரோவினர் கலத்தின் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வது வழக்கம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறதே, இது அதற்கு முரணல்லவா என்று ஒவ்வொரு முறையும் கேள்வி எழும். இதில் இரண்டு வழக்குகள் கலந்துகிடக்கின்றன. ஒரு மனிதர் தன் வேலையைக் குறைவறச் செய்துவிட்டு, தன் கைக்கு எட்டாத மிச்சத்தின் முன்னால் கும்பிடுவதில் தர்க்கமுரண் இல்லை. சரிபார்க்க வேண்டிய ஒன்றைச் சரிபார்க்காமல் கும்பிட்டால்தான் முரண். ஆரணியில் ஆயுத பூசை அன்று தறிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிற நெசவாளி, மறுநாள் அறுந்த இழையைச் சாமி முடிச்சுப்போடும் என்று காத்திருப்பதில்லை. ஆனால் தனிமனிதரின் பக்தி ஒன்று, நிறுவனத்தின் பேரால் நடக்கும் சடங்கு வேறு. பல சமயத்தவர் சேர்ந்து செய்த கலத்தை ஒரு சமயத்தின் சன்னிதியில் மட்டும் வைப்பதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் வலுவாக இல்லை. இந்திய விண்வெளி ஆய்வு தொடங்கிய தும்பாவில் முதல் அலுவலகமாக அமைந்தது புனித மேரி மகதலேன் தேவாலயம். 1960களில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா சபையாரிடம் எடுத்துச் சொல்லி அதை விட்டுக்கொடுத்தார். அங்கே சமயம் தன் இடத்தை அறிவியலுக்குத் தந்துவிட்டு ஒதுங்கியது. இரண்டில் தும்பா வழியே மேலானது.

குடும்பம்தான் கடைசிச் சிக்கல். தமிழர் மனத்தில் விண்வெளி அறிஞர் என்றால் அப்துல் கலாம்: மணம் செய்யாதவர், உடைமை சேர்க்காதவர், காவி உடுத்தாத துறவி. இந்தப் படிமம் கலாமுக்குப் பொருந்தும். பெரும்பாலான பொறியாளர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்புக்கு எழுதிக்கொடுக்கிறவர்கள். துறவியின் அர்ப்பணிப்பை அவர்களுக்கு அளவுகோலாக்கினால் அதன் செலவை அவர்கள் மட்டும் ஏற்பதில்லை. கேட்காமலே மனைவியும் பிள்ளைகளும் ஏற்கிறார்கள். பக்தி இலக்கியத்துக்கு இந்த அபாயம் தெரியாததல்ல. சிறுத்தொண்டர் அடியாருக்காகப் பெற்ற மகனையே அறுத்துக் கறிசமைத்த கதை அதே பெரியபுராணத்தில் இருக்கிறது. ஈசன் பிள்ளையைத் திருப்பித் தந்தார் என்பதால் கதை முடிந்தது. அலுவலகத்துக்குக் கொடுத்த பிள்ளைப்பருவத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

எதிர்த்தரப்புக்கும் கதைகள் உண்டு. நெசவாளி என்று மரபு சொல்லும் வள்ளுவரின் வீட்டு வாசலில், பார்வையால் கொக்கை எரித்த கொங்கணவர் பிச்சைக்கு நின்றார். கணவரைக் கவனித்துவிட்டுத் தாமதமாக வந்த வாசுகியை முறைத்தார். கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா என்ற வாசுகியின் பதில் பழமொழியாகிவிட்டது. காட்டில் தவமிருந்து பெற்ற சக்தி, வீட்டில் கடமை செய்தவளிடம் செல்லவில்லை. கதையில் உயர்த்தப்படுவது கணவனுக்கு மனைவி செய்யும் பணிவிடை மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய வீட்டில் அதே அளவுகோல் கணவனுக்கும் உரியது.

குடும்பம் வேலைக்குத் தடை என்ற எண்ணமே எப்போதும் சரியல்ல. அப்பல்லோ மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன், பார்க்க ஆளில்லாத நேரங்களில் சிறுமகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தார். குழந்தை விளையாட்டாகப் பொத்தானை அழுத்தி, பறக்கும் நிலையில் இருந்த பாவனைக் கலத்தில் ஏவுவதற்கு முந்தைய நிரலை ஓடவிட்டு முழுவதையும் குலைத்தாள். விண்வெளி வீரர் இப்படிச் செய்யக்கூடும், தடுப்பு வேண்டும் என்றார் ஹாமில்டன். தேர்ந்த வீரர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்தது. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 பயணத்தில் ஜிம் லோவல் அதே தப்பைச் செய்தார்.

வேலையே வழிபாடு என்ற கொள்கை யார் வாயிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தொழிலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது விரதம். கூலியைக் கூட்டாத முதலாளியோ, இரவெல்லாம் உட்காரவைக்கும் அதிகாரியோ சொன்னால் அது சுரண்டலுக்குப் பூசிய திருநீறு. ஆரணித் தறிக்காரருக்கும் பெங்களூர்ப் பொறியாளருக்கும் இது பொது. குறளின் 103ஆம் அதிகாரமான குடிசெயல்வகை, தன் குடும்பத்தை உயர்த்த உழைப்பவனுக்குப் பருவம் பார்க்கும் வழக்கம் இல்லை என்கிறது. ஆனால் அங்கே உழைப்பின் பயன் போய்ச் சேரும் இடம் குடி. குடியையே தேய்க்கும் உழைப்புக்கு அந்த அதிகாரத்தைச் சான்று காட்ட முடியாது.

மகாபாரதத்தின் தருமவியாதன் கதை இந்த வழக்கை ஏறக்குறைய முழுதாகப் பேசிவிடுகிறது. தவசியான கௌசிகனும் கொக்கைப் பார்வையால் கொன்றவன்தான். ஒரு குடும்பப் பெண்ணின் சொற்படி தருமம் கற்க மிதிலைக்குப் போகிறான். குரு என்று அவன் கண்டது கடையில் இறைச்சி விற்கும் வியாதனை. அவன் தன் தொழிலை மறைக்கவும் இல்லை, அதற்காக நாணவும் இல்லை. விருந்தாளியை வீட்டுக்கு அழைத்துப்போய், உண்டு உடுத்து நிறைவாக இருக்கும் தன் முதிய பெற்றோரைக் காட்டுகிறான். இவர்களே தனக்குத் தெய்வம் என்கிறான். பிறகு, பெற்றோர் சம்மதமில்லாமல் வேதம் ஓதப் புறப்பட்டு வந்த கௌசிகனை வீட்டுக்குத் திரும்பிப் போய் அவர்களைக் கவனிக்கச் சொல்கிறான். கௌசிகன் போகிறான்.